காரைக்குடி ரேடியோவில் இலங்கையும் எஃப்.எம்.மும்

இலங்கை வானொலி, தனியார் எஃப்.எம். இரண்டுமே விளம்பரத்தில் ஓடும் பாட்டு வானொலிதான். 1952-க்குப் பிறகு ஆகாஷ்வாணி சினிமாப் பாட்டைக் குறைத்ததும், செட்டிநாட்டு வீடுகளில் முள் இலங்கை வர்த்தக சேவைப் பக்கம் திரும்பியது. 1957-ல் ஆகாஷ்வாணியின் பாட்டுச் சேவையான விவித்பாரதி வந்தும் அந்த ஈர்ப்பு குறையவில்லை. மத்திய அலை என்பதால் கடல் தாண்டி வரும். இரைச்சலும் கூடவே வரும். பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் குரல் தெளியும், திருப்பியது போதாதென்றால் இன்னும் கொஞ்சம். அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் குரல்களுக்காகவே காத்திருப்பார்கள். பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், இசையமைத்தவர் பெயரெல்லாம் பதமாகச் சொல்வார்கள்.

தனியார் எஃப்.எம். 2001-ல் பெங்களூரில் தொடங்கி அப்புறம் நம் பக்கம் வந்தது. ஒலி சுத்தம், சந்தேகமில்லை. ஆனால் அலை நேர்கோட்டில்தான் போகும். நிலையங்கள் இருக்கும் மதுரை, திருச்சி இரண்டுமே காரைக்குடிக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர். கனத்த சுவர் வைத்த பட்டாலைக்குள் (செட்டிநாட்டு வீட்டுக் கூடத்துக்குள்) கரகரக்கும், ஏரியலை நீட்டி முற்றத்துக்கு வர வேண்டும். சொந்தமாகச் செய்தி சொல்லவும் அனுமதி இல்லை.

காரில் போகும்போது எஃப்.எம். சரி. பாட்டை மதித்துக் கேட்க, என் ஓட்டு இலங்கைக்குத்தான்.