நாலு ஸ்பீக்கர் என்று சொல்லி விற்ற டேப்லெட்டில் இரண்டு வெறும் ஓட்டை: 14,500 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இன்று காலையிலும் அந்தக் கடைக்காரர்கள் என் போனை எடுக்கவில்லை. ஆன்லைன் கிளாஸ் எடுக்க, பிள்ளைகள் படிக்க, வீட்டில் பெரியவர்கள் பாட்டுக் கேட்க என்று டேப்லெட் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். புகார் கொடுத்திருப்பதால் கடை பெயரும் கம்பெனி பெயரும் போடவில்லை. மொபைல், டேப்லெட், டிவி எல்லாம் விற்கிற, ஏசி போட்ட இரண்டு மாடிக் கடை. அவ்வளவு போதும்.

நான் பாட்டு டீச்சர். திருச்சியில் வீட்டிலேயே கிளாஸ், சாயங்காலம் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வீடியோவில். டேப்லெட்டைப் படுக்கைவசமாக ஸ்டாண்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பாடுவேன். வகுப்பு ஒன்று முடிந்து அடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும், அதனால் சார்ஜ் ஏறிக்கொண்டேதான் ஓட வேண்டும். ஹெட்போனும் வயர் உள்ளதாக இருக்க வேண்டும். புளூடூத்தில் சத்தம் ஒரு துளி தாமதித்துத்தான் காதுக்கு வரும். சினிமா பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, ஆனால் ரெக்கார்டிங்கை ஓடவிட்டுக் கூடவே பாடிக் காட்டும்போது தாளம் நழுவும். வகுப்பு இல்லாத நேரத்தில் சுருதி ஆப்பை ஸ்பீக்கரில் வைத்துச் சாதகம் செய்வேன்.

ஆக, ஹெட்போன் வயரைச் செருகுகிற ஜாக் வேண்டும், சார்ஜ் போர்ட் ஸ்டாண்டில் இடிக்காத பக்கம் வேண்டும், ஸ்பீக்கர் இரண்டு பக்கமும் வேண்டும். இதைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை. ராம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்றெல்லாம் கடையில் விற்கிற பையன் ஆரம்பித்தபோது "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, எந்த ஓட்டை எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் காட்டுங்க" என்றேன்.

காட்டினான். மேஜையில் டெமோவுக்கு வைத்திருந்த பீஸை எடுத்துப் படுக்கைவசமாகப் பிடித்தான். வலது ஓரத்தில் சார்ஜ் போடுகிற யூஎஸ்பி சி போர்ட், அதே பக்கம் மூலையில் 3.5 எம்எம் ஹெட்போன் ஜாக், பவர் பட்டனும் வால்யூமும் மேலே. இடது ஓரத்தில் இரண்டு ஸ்பீக்கர், வலது ஓரத்தில் இரண்டு. பாட்டு ஒன்றை ஓடவிட்டான். சத்தம் இரண்டு பக்கமிருந்தும் நன்றாகப் பிரிந்து வந்தது. பக்கத்தில் வைத்திருந்த விலை அட்டையிலும் "குவாட் ஸ்பீக்கர், 3.5 எம்எம் ஜாக்" என்று போட்டிருந்தது. குவாட் என்றால் நாலு. அந்த அட்டையைப் படமெடுத்து என் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவரும் சரி என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பையன் சொன்ன ஒரு வார்த்தைதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "அக்கா, நம்பி எடுத்துட்டுப் போங்க. எங்கம்மாவுக்கே இதத்தான் வாங்கிக் குடுத்திருக்கேன், காலையில சுப்ரபாதம் கேக்குறாங்க." அம்மாவை இழுத்துச் சொன்ன பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? உள்ளேயிருந்து சீல் பிரிக்காத பெட்டி ஒன்று வந்தது. இங்கேயே திறந்து காட்டுங்கள் என்று கேட்டேன். "அதே மாடல்தான்க்கா, கலர்கூட மாறாது. வீட்ல போய்ச் சாமிகிட்ட வச்சுட்டுப் பிரிங்க" என்று சிரித்தான். பின்னால் பில்லுக்குக் கூட்டம் நின்றது. 14,500 ரூபாய். என் வகுப்புப் பணத்தில் சேர்த்து வைத்தது. எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தது வேறு பொருள். முகப்பும் நிறமும் அதேதான். ஓரங்கள்தான் வேறு. ஜாக்கே இல்லை. சி போர்ட் கீழ் ஓரத்தில் நட்டநடுவில் இருக்கிறது, சரியாக ஸ்டாண்டின் உதடு தாங்குகிற இடத்தில். வால்யூம் பட்டனும் கீழேயே. ஸ்டாண்டில் வைத்ததும் அது அழுந்திச் சத்தம் தானாகக் குறைந்துகொண்டே போகிறது. தலைகீழாகத் திருப்பி வைத்தால் போர்ட் மேலே வந்துவிடும், ஆனால் கேமரா கீழே போய்ப் பிள்ளைகளுக்கு என் தாடைதான் தெரிகிறது. பெட்டியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். டெமோ பீஸின் மாடல் எண்ணுக்குப் பின்னால் இதில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. அதே பெயரில் வந்த மட்டமான பதிப்பு.

இதற்கு மேல்தான் உண்மையான அநியாயம். சுருதி ஆப்பைப் போட்டேன், சத்தம் ஒரு பக்கமாகவே வந்தது. ஓரத்தில் நாலு ஓட்டை வரிசை இருக்கிறதே என்று ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பார்த்தேன். வலது பக்கம் மேல் வரிசையை மூடினால் சத்தம் பாதி ஆகிறது. கீழ் வரிசையையும் சேர்த்து மூடினால் சுத்தமாக அமுங்குகிறது. இடது பக்கம் இரண்டையும் உள்ளங்கையால் அழுத்தி மூடினேன், ஒரு மாற்றமும் இல்லை. என் மாணவி ஒருத்தியின் அப்பா எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் தெரிந்தவர். அவர் போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். வலது பக்க ஓட்டைகளுக்குப் பின்னால் கறுப்பு வலை தெரிகிறது. இடது பக்கம் ஒவ்வொரு ஓட்டையும் அரிசிப் பருமன்கூட ஆழமில்லை, அடியில் அதே சாம்பல் நிற பிளாஸ்டிக் மூடியிருக்கிறது. ஸ்பீக்கர் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகக் குடைந்து விட்டிருக்கிறார்கள். இடது வலது சேனல் சோதிக்கிற வீடியோவைப் போட்டால் "லெஃப்ட்" என்று சொல்வதும் வலது பக்கமே கேட்கிறது.

இன்னொன்றும் அவர்தான் கண்டுபிடித்தார். இரண்டு முனையும் சி ஆக இருக்கிற என் போனின் சி டு சி சார்ஜரைப் போட்டால் இந்த டேப்லெட்டில் சார்ஜே ஏறவில்லை. சி போர்ட்டுக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதாவது பொடி மின்தடை, இரண்டு வைக்க வேண்டுமாம். எதிரே ஒரு கருவி மாட்டியிருக்கிறது என்பதைச் சார்ஜர் அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டு மின்சாரம் விடும். சில பைசா மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட போர்ட்டில் பழைய அகல யூஎஸ்பி முனை உள்ள கேபிளில் மட்டும்தான் சார்ஜ் ஏறும்.

மறுநாள் கடைக்குப் போனேன். அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த பையன் என்னைப் பார்த்ததும் மாடிக்குப் போய்விட்டான். மேனேஜர் வந்தார். "மேடம், இது டிஃபெக்ட் இல்ல, டிசைன். பெட்டி பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது" என்றார். ஜாக் எங்கே என்று கேட்டேன். "இப்ப எந்தக் கம்பெனி டேப்லயும் ஜாக் வர்றதில்ல மேடம்" என்று சொல்லி சி போர்ட்டில் செருகி ஹெட்போன் மாட்டுகிற ஒரு கன்வெர்ட்டரை 350 ரூபாய்க்கு நீட்டினார். அதையும் வாங்க வைத்தார்கள். வேலை செய்யவில்லை. டேப்லெட்டே சி போர்ட் வழியாக அனலாக் ஒலியை, அதாவது ஹெட்போன் நேரடியாக ஏற்கிற ஒலியை, வெளியே விட்டால்தான் அந்த மாதிரி மலிவான கன்வெர்ட்டரில் கேட்கும். இல்லாவிட்டால் டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றுகிற டிஏசி சிப்பை உள்ளே வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். அப்படியே கேட்டாலும் இருக்கிற ஒரே போர்ட்டை அது அடைத்துக்கொண்டால் நான் சார்ஜ் எங்கே போடுவது?

எந்த டேப்லெட்டிலும் ஜாக் வருவதில்லை என்பது பச்சைப் பொய். ஆப்பிள் ஐபேட் ப்ரோவில் 2018இலும், சாதாரண ஐபேடில் 2022இல் வந்த பத்தாம் தலைமுறையிலும் ஜாக்கை எடுத்தார்கள், உண்மைதான். ஆனால் 2023இல் வந்த சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸில் 3.5 ஜாக்கும் இருக்கிறது, நாலு ஸ்பீக்கரும் இருக்கிறது. இதெல்லாம் நான் இந்தக் கோபத்தில் உட்கார்ந்து படித்தது. எதை எங்கே வைப்பது என்பது நல்ல கம்பெனிகளில் யோசித்துச் செய்கிற வேலை. 2015இல் வந்த ஐபேட் ப்ரோவில் மூலைக்கு ஒன்றாக நாலு ஸ்பீக்கர். நாம் எப்படிப் பிடித்திருக்கிறோமோ அதற்கேற்ப ஒலி மாறும். 2021இன் ஒன்பதாம் தலைமுறை ஐபேடில் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே ஓரத்தில் இருப்பதால் படுக்கவைத்தால் ஒரு பக்கம்தான் கேட்கும். அது ஒரு குறை, ஆனால் அதை யாரும் போலி ஓட்டை போட்டு மறைக்கவில்லை. அதே வருடம் ஐபேட் மினியில், திரையில் எழுதுகிற ஆப்பிள் பென்சில் ஒட்டிக்கொள்ள இடம் வேண்டும் என்று வால்யூம் பட்டனை மேல் ஓரத்துக்கு மாற்றினார்கள். பத்தாம் தலைமுறை ஐபேடில் முன் கேமராவை நீளமான ஓரத்துக்குக் கொண்டுவந்ததும் என்னைப் போல் படுக்கைவசமாக வைத்து வீடியோவில் பேசுகிறவர்களுக்காகத்தான். என்னிடம் விற்ற பொருளில் இப்படி யாருக்காக யோசித்தார்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். "மேடம், பின்னாடி கஸ்டமர் நிக்கிறாங்க" என்றார்.

பிறகு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் ஆன் செய்து பார்த்துவிட்டு "நோ ஃபால்ட்" என்று எழுதிக் கொடுத்தார். ஸ்பீக்கர் ஓட்டையில் டார்ச் அடித்துக் காட்டினேன். "இந்த மாடல் அப்படித்தான் மேடம், நீங்க விக்கிறவங்ககிட்டதான் கேக்கணும்" என்றார். விற்கிறவர்களைக் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். கம்பெனியின் டோல் ஃப்ரீ எண்ணில் இந்தியில் பதிவுசெய்த குரல் ஓடிவிட்டுத் தானாகக் கட்டாகிறது. கடையின் வாட்ஸ்அப்புக்கு டெமோ பீஸ் படம், விலை அட்டைப் படம், என் பீஸின் ஓரம் எல்லாம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. 14,500 ரூபாய் வாங்கும்போது டீ வரவழைத்துக் கொடுத்தவர்கள் இவர்கள்.

"டிசைன், டிஃபெக்ட் இல்லை" என்று யாராவது சொன்னால் பேசாமல் திரும்பி வராதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடு என்றால் பொருள் உடைந்திருப்பது மட்டும் இல்லை. விற்பவர் என்ன சொல்லி விற்றாரோ அந்தத் தரம் இல்லையென்றாலும் குறைபாடுதான். பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நாலு ஸ்பீக்கர், ஜாக் என்று அட்டை எழுதி வைத்ததற்கு என்னிடம் படம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்துவிட்டேன். அங்கே சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

வாங்கப் போகிறவர்களுக்கு விளக்கமாக எழுத நினைத்தேன், அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பழைய போனில்தான் எடுக்க வேண்டும். அதனால் சட்டென்று சொல்லிவிடுகிறேன். டெமோ பீஸைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், உங்கள் பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கர் ஓட்டையையும் விரலால் மூடிப் பாருங்கள். உங்கள் சார்ஜர், உங்கள் ஹெட்போன், முடிந்தால் உங்கள் ஸ்டாண்டையும் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். விலை அட்டையைக் கட்டாயம் படமெடுங்கள், பில்லில் "3.5 ஜாக், 4 ஸ்பீக்கர்" என்று கையால் எழுதி வாங்குங்கள். கன்வெர்ட்டர் போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எனக்கு 14,500 ரூபாயோடு அந்த 350ம் சேர்த்துப் போயிருக்கிறது.