முதல் வாடகை வீடு: மாடியா, ஃப்ளாட்டா, பழைய வீடா?

வளைகுடாவிலிருந்து கொஞ்சம் பணத்தோடு ஊர் திரும்புகிறவர்கள் நாகர்கோவிலில் கேட்பது, "வாடகை வருகிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்றுதான். புரோக்கர் ஃப்ளாட்டைக் காட்டுவார். நான் அவர்களைச் சொந்த வீட்டு மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்கச் சொல்வேன்.

ஒரு கணக்குப் போடுவோம். ஃப்ளாட் 45 லட்சம், வாடகை 12,000 என்றால் வருடத்துக்கு 1,44,000 ரூபாய். போட்ட பணத்தில் 3.2 சதவீதம். அதே ஆள் தன் வீட்டுக்கு மேலே 18 லட்சத்தில் 800 சதுர அடி கட்டி 8,500 ரூபாய்க்கு விட்டால் 1,02,000, அதாவது 5.7 சதவீதம். நிலத்துக்குத் தனியாகக் காசு போகவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். "ஃப்ளாட் விலை ஏறுமே" என்பார்கள். ஏறுவது நிலம். ஃப்ளாட்டில் உங்களுக்குக் கிடைப்பது, எல்லாருக்கும் பொதுவான நிலத்தில் பிரிக்கப்படாத ஒரு பங்கு. அது 450 சதுர அடி என்றால், ஒரு சென்ட்டை (435.6 சதுர அடி) லேசாகத் தாண்டுகிறது.

மாடியிலும் வில்லங்கம் இருக்கிறது. நிலம் அப்பா பெயரில், அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை ஆகவில்லை என்றால் ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காதீர்கள். கீழ்வீட்டு அஸ்திவாரம் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்று இன்ஜினியர் சொல்லட்டும், கொத்தனார் வாக்கு போதாது. அப்புறம், படி வெளியிலிருந்து ஏற வேண்டும். கரண்ட் மீட்டர் தனியாக வேண்டும். இந்த இரண்டும் இல்லாத மாடியில் குடியிருப்பவருக்கும் உங்களுக்கும் தினம் ஒரு முணுமுணுப்பு.

பழைய வீடு வாங்குவது கை தேர்ந்தவர்களுக்கு. நிலம் முழுசாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் 30 லட்சத்துக்கு வாங்கினால் முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமுமாக 9 சதவீதம், 2,70,000 ரூபாய், வாடகை வருமுன்பே போய்விடும். இந்த மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வெள்ளையடித்த வீட்டைக் கோடையில் பார்த்து முடிவு செய்தால் ஒழுக்கு தெரியாது. கொட்டுகிற நாளில் போய்ப் பாருங்கள். குளச்சல் பக்கம் கடலோரம் என்றால் உப்புக்காற்றில் கம்பி துருவேறி கான்கிரீட் பெயர்ந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். 1956க்கு முன் இது திருவிதாங்கூர், கல்குளம் விளவங்கோடு பக்கம் தாய்ப்பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். படிக்கத் தெரிந்த வக்கீலிடம் கொடுங்கள். வில்லங்கச் சான்றிதழ் மட்டும் போதாது.

சரி, ஃப்ளாட் யாருக்கு? ஊரில் கவனிக்க ஆளே இல்லாதவருக்கு. மோட்டார் கெட்டாலும் தண்ணீர் நின்றாலும் சங்கம் பார்த்துக்கொள்ளும், மாதப் பராமரிப்புத் தொகையை மட்டும் வருமானத்தில் கழித்துக்கொள்ளுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியை ஒட்டி இருந்தால் குடியிருப்பவர் கிடைப்பது சுலபம். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் வாடகை கொடுப்பவர் வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். பலருக்கு இது தெரியாது, ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் வாடகையா ஒத்தியா என்ற கேள்வி வரும். ஒத்தி என்றால் மாத வாடகை கிடையாது, மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது அப்படியே திருப்பிக் கொடுப்பது. மேலே சொன்ன மாடியை 8 லட்சம் ஒத்திக்கு விட்டால், அதை 7 சதவீத வைப்புநிதியில் போட்டாலும் வருடத்துக்கு 56,000தான். வாடகையில் பாதிக்குச் சற்று மேல். மொத்தப் பணம் கையில் வருவதுதான் ஒத்தியின் கவர்ச்சி. அதை வாங்கி மாடி கட்டின கடனை அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. மூன்று வருடம் கழித்துக் குடியிருப்பவர் சாவியை நீட்டும்போது, அந்த 8 லட்சத்துக்காக அடுத்த ஒத்திக்காரரைத் தேடி அலைகிறார்கள்.