கம்ப்ரெஷன் பார்க்காமல் இக்னிஷன் காயில் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்

பழைய பெட்ரோல் கார், நாலு சிலிண்டர். என்ஜின் சூடானதும் ஐட்லிங்கில் உதறும், வேகம் எடுத்தால் அடங்கிவிடும். ஸ்கேனரில் பி0303 என்ற கோளாறு கோடு (code), அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. கொண்டுபோன ஒர்க்‌ஷாப்பில் முதலில் நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார்கள். பிறகு பிளக்குக்கு மின்சாரம் தரும் நாலு காயில், அதற்குப் பிறகு இன்ஜெக்டர் கிளீனிங். உதறல் நிற்கவில்லை என்றதும் ‘ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) போயிருக்கும்’ என்று அடுத்த பில்லுக்குத் தயாரானார்கள். இத்தனைக்கும் சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை (கம்ப்ரெஷன்) அளக்கும் கேஜை ஒருவரும் கையில் எடுக்கவில்லை.

அந்தக் கோடு எந்த சிலிண்டர் என்று மட்டும்தான் காட்டும், காரணத்தைக் காட்டாது. காயில் மேல் சந்தேகமா? மூன்றாவதில் இருப்பதை இரண்டாவதில் மாட்டி, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பி0302 வந்தால் காயில் போய்விட்டது. மறுபடி பி0303 என்றால் காயில் நன்றாகத்தான் இருக்கிறது. பிளக்கையும் இப்படியே சோதிக்கலாம். புதுப் பொருள் எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நாலு காயிலுக்கு பில் போட்டது ஏமாற்று வேலைதான்.

வேறு இடத்தில்தான் உண்மை தெரிந்தது. என்ஜினைச் சூடாக்கி, எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றினார்கள். மற்ற மூன்றிலும் 170 பி.எஸ்.ஐ. பக்கம், மூன்றாவதில் 110. பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தும் அளவு ஏறவில்லை, ஆகவே கோளாறு பிஸ்டன் ரிங்கில் இல்லை. சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக் கசிவு பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட்டில் காற்று சைலன்சர் வழியே சீறியது. அப்படியானால் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுதான் கசிகிறது. டாப்பெட் கவரைத் திறந்தால், வால்வுக்கு மேல் இருக்க வேண்டிய சிறு இடைவெளியான கிளியரன்ஸே இல்லை.

வால்வு உட்காரும் வளையமான சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறி கிளியரன்ஸைத் தின்றுவிடும். கேஸில் ஓடும் பழைய வண்டிகளில் இது அதிகம். சூட்டில் வால்வு இன்னும் நீள்வதால் முழுசாக மூடாது. வேகத்தில் கசிய நேரம் குறைவு என்பதால் கோளாறு மறைந்துகொள்ளும். மேனுவலில் உள்ள அளவுக்கு டாப்பெட் செட் செய்ததும் கம்ப்ரெஷன் ஏறியது, உதறலும் நின்றது. இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள என்ஜினில் இந்த செட்டிங் கிடையாது.

வீணாக்கிய காசைவிட வீணாக்கிய காலம்தான் பெரிய ஆபத்து. வால்வு தன் சூட்டை சீட் வழியாகத்தான் இறக்குகிறது. சரியாக உட்காராத வால்வு எரிந்துபோகும், பிறகு என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் உருக்கிவிடும். என்ஜின் லைட் மினுக்கினால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

எந்த சிலிண்டர் என்று குறிக்காத மிஸ்ஃபயர் கோடான பி0300 வந்து, ஃபியூல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐட்லிங்கில் +10 சதவீதத்தைத் தாண்டி, 2500 ஆர்.பி.எம்.மில் இறங்கினால் அது வேறு கதை, எங்கோ காற்று உள்ளே கசிகிறது: வேக்கம் ஹோஸ், மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

எந்தப் பொருளை மாற்றச் சொன்னாலும், நாலு சிலிண்டரின் கம்ப்ரெஷன் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் மழுப்பினால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.