கோத்தகிரில குடியிருந்தா 30 யூனிட் பேட்டரி போதுமா, 45 வேணுமா? நெக்ஸான் இவி எடுத்த கதை

மேட்டுப்பாளையத்துல பேட்டரி 49 பர்சன்ட். இன்னும் 112 கிலோமீட்டர் போகும்னு ஸ்க்ரீன்ல காட்டுது, வீட்டுக்கு 33 கிலோமீட்டர்தான். யார கேட்டாலும் தாராளமா போலாம்னுதான் சொல்வாங்க. நானும் அப்படி நெனச்சுதான், காரமடைலயே கொஞ்சம் சார்ஜ் போட்டுட்டு வாங்கன்னு மச்சான் போன்ல சொன்னத காதுலயே வாங்காம வந்துட்டேன். குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டறப்ப பாத்தா 112 எல்லாம் போயி 52ன்னு நிக்குது, வந்தது பாதி தூரம் கூட இல்ல. பின்னாடி சீட்டுல அப்பா கண்ணுல மருந்து விட்டு பஞ்சு வெச்சு ஒக்காந்திருக்கார், "ஏன்டா இவ்ளோ மெதுவா போற"ன்னு கேக்கறார், நான் பதிலே சொல்லல. அரவேணு வர்றப்ப பேட்டரி 15 பர்சன்ட். வீட்டு வாசல்ல நிறுத்தறப்ப 11.

அது மச்சானோட வண்டி, டாடாவோட எலக்ட்ரிக் கார் நெக்ஸான் இவில 30 யூனிட் பேட்டரி மாடல். அவர் குன்னூர்ல வேலை பாக்கறார், தினம் போக வர 40 கிலோமீட்டர் சொச்சம். ரெண்டு வருஷமா ஓட்டறார், ஒரு குறையும் சொன்னதில்ல. நானும் அதே வண்டிதான் எடுக்கறதுன்னு முடிவு பண்ணி, எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் அப்பாவ கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிட்டு வந்து பாத்துரலாம்னு கேட்டு வாங்கிட்டு போனேன். அந்த ஒரு நாள்தான் எனக்கு ஒன்றரை லட்சம் செலவு வெச்சுது, ஏன்னா நான் கடைசில எடுத்தது 45.

யூனிட்னு நான் சொல்றது இபி பில்லுல வர்ற அதே யூனிட்தாங்க. கிலோவாட் ஹவர்னு கம்பெனிக்காரங்க எழுதுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான். 30 யூனிட் பேட்டரின்னா 30 யூனிட் கரண்ட் புடிக்கற டேங்க், அவ்ளோதான்.

ஷோரூம் பையன் பொய் சொன்னான்னு சொல்ல மாட்டேன். "சார், 30லயே நான் ஊட்டிக்கு போயிட்டு வந்திருக்கேனுங்க, திரும்பி வீட்டுக்கு வரப்ப 28 பர்சன்ட் மீதி இருந்துச்சுங்க, எதுக்கு சார் வீணா பெரிய பேட்டரி"ன்னான். உண்மையாத்தான் இருக்கும். விக்கறவனே சின்னது போதும்னு சொல்றான்னா நம்பலாம்னும் தோணுச்சு. ஆனா அவன் வீடு கீழ கோயமுத்தூர் பீளமேட்டுல, என் வீடு மலை மேல. ரோடு ஒண்ணுதான், கணக்கு வேற. இது எனக்கு புரிய அந்த 11 பர்சன்ட் தேவைப்பட்டுச்சு.

எப்படின்னு சொல்றேன். வண்டி, நாலு பேரு, அரிசி மூட்டை, ஒரு வாழைத்தாரு எல்லாம் சேத்து 1,700 கிலோன்னு வைங்க. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 325 மீட்டர் சொச்சம், கோத்தகிரி 1,800 கிட்ட. அதாவது அந்த 1,700 கிலோவ கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் உசரத்துக்கு தூக்கணும். பள்ளிக்கூட கணக்குதான், எடை பெருக்கல் 9.8 பெருக்கல் உசரம், அத 36 லட்சத்தால வகுத்தா யூனிட் வந்துரும், 7க்கு பக்கத்துல வருது. இது சும்மா தூக்கற கூலி மட்டும். டயர் உருள்றது, மோட்டார்ல சூடா போறது, ஏசி எல்லாம் சேத்தா எனக்கு 11 ஆகுது. 30ல 11னா மூணுல ஒரு பங்குக்கு மேல, வெறும் 33 கிலோமீட்டருக்கு. அதே 11 யூனிட்டுக்கு கீழ அவினாசி ரோட்டுல 80 கிலோமீட்டர் போயிரலாம்.

சரி, இறங்கறப்ப திரும்ப வருமேன்னு கேப்பீங்க. வரும். இறங்கறப்ப மோட்டாரே டைனமோ மாதிரி சுத்தி பேட்டரிக்கு கரண்ட் அனுப்பும், ரீஜென்னு சொல்வாங்க. ஆனா ஏறக் குடுத்த 11ம் திரும்ப வராது. எனக்கு ரெண்டு, ரெண்டரை யூனிட் வருது, பூ மாதிரி ஓட்டினா மூணு. அன்னிக்கு மச்சான் வண்டில 88ல கெளம்பி மேட்டுப்பாளையத்துல 95. பெட்ரோல் பங்க் பக்கமே போகாம டேங்க் ஏறுதுன்னு அப்பாவுக்கு ஒரே சந்தோசம்.

இதுலதான் மலைக்காரனுக்கு ஒரு சிக்கல். ராத்திரி பூரா சார்ஜ் போட்டு 100 ஆக்கிட்டு காலைல இறங்கினீங்கன்னா வர்ற கரண்ட் போய் ஒக்கார எடமே இல்ல. நிறைஞ்ச குடத்துல தண்ணி ஊத்தற கததான். அது மட்டும்னா பரவால்ல, ரீஜென் இல்லன்னா வண்டிய புடிச்சு நிறுத்தற வேலை மொத்தமும் பிரேக்குக்கு வந்துரும். கியரும் கெடையாது. "இரண்டாவது கியரில் இறங்கவும்"னு போர்டு வெச்சிருக்காங்கல்ல, ஒரு தடவ செக்போஸ்ட்ல என்னையும் நிறுத்தி செகண்ட் கியர்ல போப்பான்னாங்க, கியரே இல்லீங்கய்யான்னு சொன்னா குனிஞ்சு உள்ள எட்டிப் பாத்துட்டு சிரிச்சாங்க. நெக்ஸான்ல ஸ்டியரிங் பின்னாடி ரெண்டு பேடல் இருக்கு, ரீஜென் பூஜ்யத்துல இருந்து 3 வரைக்கும் வெக்கலாம். 3ல வெச்சுட்டா செகண்ட் கியர விட நல்லா புடிக்குது, கொண்டை ஊசில மட்டும் பிரேக் தொட்டா போதும். டூரிஸ்ட் வண்டிங்க பிரேக் கருகற வாசனையோட ஓரங்கட்டி நிக்கறத பாத்துட்டே இறங்கலாம். இந்த சொகம் எல்லாம் பேட்டரில எடம் இருந்தாத்தான். அதனால மேல வீடு இருக்கறவங்க 85, 90க்கு மேல போட்டுட்டு இறங்காதீங்க. இந்த எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரிக்கு அப்பப்ப 100 போடணும், இல்லன்னா மீட்டர் பர்சன்ட்ட தப்பா காட்டும்னு சொல்றாங்க, அத ஊருக்குள்ளயே சுத்தற நாளா பாத்து போட்டுக்கறேன்.

ஆக 30 வாங்கினா நமக்கு கைல இருக்கறது 30 இல்ல, 26, 27தான். பீளமேட்டு பையன் 100ல கெளம்புவான், நம்மால முடியாது. அது ஒரு வித்தியாசம்.

இன்னொண்ணு இத விட பெருசு. போக வர கூட்டிக் கழிச்சா ரெண்டு பேருக்கும் ஆகற கரண்ட் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா அவனுக்கு ஏத்தம் முதல்ல, புல் பேட்டரியோட ஏறிடறான். பேட்டரி கொறையறப்ப அவன் சமவெளில இருக்கான், கைய நீட்டினா சார்ஜர். நமக்கு ஏத்தம் கடைசில. நாள் பூரா ஆஸ்பத்திரி, கடைவீதி, சொந்தக்காரங்க வீடுன்னு சுத்தி முடிச்சு, இருக்கற மிச்சத்த வெச்சுத்தான் மலை ஏறணும், அதுவும் இருட்டுனதுக்கு அப்புறம். நடுவுல காடு. பலாப்பழ சீசன்னா குஞ்சப்பனைல யானை எப்ப ரோட்டுக்கு வரும்னே சொல்ல முடியாது. அங்க சார்ஜ் தீந்துபோச்சுன்னு வண்டிய ஓரங்கட்டி யார கூப்பிடுவீங்க?

(ஆனா யானைக்கு காத்திருக்கறதுக்கு இத விட நல்ல வண்டி கெடையாது. ஜூன்ல ஒரு நாள் முக்கா மணி நேரம் நின்னோம். சத்தம் இல்ல, புகை இல்ல, லைட்ட அணைச்சுட்டு கம்முனு ஒக்காந்தோம், ஒரு குட்டியோட மூணு யானை. ஒரு பர்சன்ட் கூட கொறையல.)

அதனால எத்தன கிலோமீட்டர் ரேஞ்ச்னு கேக்கறதையே நான் விட்டுட்டேன். 45க்கு 489 கிலோமீட்டர்னு விளம்பரத்துல போடறாங்க, அது எம்ஐடிசி டெஸ்ட், வண்டிய ரோலர் மேல ஏத்தி ஓட்டிப் பாக்கறது, அந்த ரோலருக்கு கொண்டை ஊசி தெரியுமா. நெஜ ஓட்டத்துல 350 கிட்டன்னு கம்பெனியே தனியா சொல்லுது, அதுவும் சமவெளிக்கு. நான் கேக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், சாயங்காலம் மேட்டுப்பாளையத்துல எவ்ளோ மீதி இருக்கும்? 30 வண்டின்னா 50க்கு மேல இருக்கணும். 45னா 35 இருந்தா ஏறிடலாம்.

என் 45 வண்டில அதே ஆஸ்பத்திரி ட்ரிப், அதே நாலு பேரு. 85ல கெளம்பினேன், மேட்டுப்பாளையத்துல 90, கோயமுத்தூர் போய் சேந்து ஊருக்குள்ள சுத்தி முடிச்சப்ப 71, திரும்ப மேட்டுப்பாளையம் 59, வீட்டுல 34. வழில எங்கயும் சார்ஜ் போடல. ஏசிய அணைக்கல. அப்பா தூங்கிட்டு வந்தார்.

34 மீதி வருதுன்னா பெரிய பேட்டரி வேஸ்ட்தானேன்னு என் வீட்டுக்காரம்மா கூட கேட்டாங்க. நவம்பர்ல அதுக்கு பதில் கெடச்சுது. ராத்திரி எட்டு மணிக்கு மேட்டுப்பாளையம் வந்தா கோத்தகிரி ரோட்டுல மரம் விழுந்து மண்ணும் சரிஞ்சிருக்கு, பர்லியாறு வழியா குன்னூர் போய் சுத்திக்கிட்டு போங்கன்னுட்டாங்க. 33 கிலோமீட்டர் 50க்கு மேல ஆயிருச்சு, மழை வேற, வைப்பர், லைட், கண்ணாடில பனி படியாம இருக்க ஏசி. வீட்டுக்கு வரப்ப 24. மச்சான் வண்டியா இருந்தா அன்னிக்கு குன்னூர் தாண்டி எங்கயாவது நின்னிருப்பேன். 2009 நவம்பர் மண்சரிவ பாத்தவங்களுக்கு தெரியும், மழைக்காலத்துல நம்ம ஊர்ல எந்த ரோடு எப்ப இருக்கும் இருக்காதுன்னு யாரும் கேரண்டி குடுக்க முடியாது. அந்த சுத்து வழிக்கும் சேத்துத்தான் பேட்டரி வாங்கணும்.

பெரிய பேட்டரின்னா எடை கூடுமே, அத சுமந்துட்டு ஏறணுமேன்னு ஒருத்தர் கேட்டார். போட்டுப் பாத்தேன், 100 கிலோ கூடினாலும் அரை யூனிட் கூட ஆகல. ரெண்டு மூட்டை உருளக்கிழங்கு கூட ஏத்தின மாதிரி.

நடுவுல சார்ஜ் போட்டுக்கலாம்ல, எதுக்கு ஒன்றரை லட்சம்னா, அதுவும் நியாயமான கேள்விதான். மேட்டுப்பாளையத்துல அரை மணி நேரம் பாஸ்ட் சார்ஜ் போட்டா 30 வண்டியும் ஜம்முனு ஏறிடும், பஜ்ஜி டீ சாப்பிடற நேரம். மாசம் ஒரு தடவ போறவங்க அப்படியே பண்ணலாம். ஆனா நான் ரெண்டு தடவ ஒரு எடத்துல போய் நின்னு, ஒரு தடவ சார்ஜர் கன் வேலை செய்யல, இன்னொரு தடவ முன்னாடி ரெண்டு வண்டி. சனி ஞாயிறு, மே மாச சீசன்ல கேக்கவே வேணாம். கண்ணு தெரியாத பெரியவர வெச்சுட்டு அங்க காத்திருக்க எனக்கு பொறுமை இல்ல.

வீட்டுல சார்ஜ் போடறத பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், இத எந்த வீடியோலயும் சொல்லல. வண்டி வந்த மொத நாள், 15 ஆம்ப் பாயின்ட்ல சொருகறேன், சிவப்பு லைட் மினுக்குது, ஏறவே மாட்டேங்குது. வண்டில கோளாறுன்னு பயந்துட்டேன். எலக்ட்ரீஷியன் வந்து பாத்துட்டு "அண்ணா, ஒங்க வீட்டுல எர்த்தே இல்லண்ணா"ன்னான். தாத்தா காலத்து வீடு, எர்த் பைப்ப பாறை மேல ஒரு அடிக்கு நட்டு வெச்சிருக்காங்க, அம்பது வருஷமா பல்பும் மிக்ஸியும் எரிஞ்சுது, யாரும் கண்டுக்கல. தேயிலைத் தோட்டத்து ஓரமா மண்ணு ஆழமா இருக்கற எடம் பாத்து குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு புது பைப் எறக்கி தண்ணி ஊத்தினதுக்கு அப்புறம்தான் பச்சை லைட் வந்துச்சு. மலைல பழைய வீடு வெச்சிருக்கறவங்க வண்டி புக் பண்றதுக்கு முன்னாடியே எர்த்த பாத்துருங்க. அந்த பாயின்ட்ல 34ல இருந்து 85க்கு எட்டு மணி நேரம் ஆகுது, ராத்திரி போட்டா காலைல ரெடி. மழைக்காலத்துல கரண்ட் ராத்திரி பூரா இருக்காது, அப்பவும் நேத்து மிச்சம் 34 இருக்கேன்னு ஒரு தைரியம். இபி பில்லு ஸ்லாப் ஏறுச்சு, ஆனா டீசலுக்கு குடுத்தத நெனச்சா வாய மூடிக்கலாம்.

குளிர் பத்தி கேக்கறாங்க. டிசம்பர் ஜனவரி காலைல ரீஜென் கொஞ்சம் கம்மியா புடிக்குது, பேட்டரி சூடாக டைம் எடுக்குது. உறைபனி விழற ஊட்டி, தலைகுந்தா பக்கம் இருக்கறவங்களுக்கு இது இன்னும் கூட தெரியும், ஹீட்டரும் ஓட்டினா நாலஞ்சு பர்சன்ட் தள்ளி வெச்சுக்கங்க.

அப்ப 30 யாருக்கு? கோத்தகிரி, குன்னூர், ஊட்டிக்குள்ளயே சுத்தறவங்களுக்கு தாராளம். இங்கிருந்து ஊட்டி போயிட்டு வர 60 கிலோமீட்டர், பத்து யூனிட் சொச்சம்தான். கோயமுத்தூர், திருப்பூர்ல இருந்து லீவுக்கு மேல வர்றவங்களுக்கும் போதும், நான் சொன்ன மாதிரி அவங்களுக்கு ஏத்தம் முதல்லயே முடிஞ்சிரும். நீலகிரிக்குள்ள வர இ-பாஸ் மட்டும் மறக்காம போட்டுட்டு வாங்க, 2024 மே மாசத்துல இருந்து வெளி வண்டிக்கு கட்டாயம், டிஎன் 43ன்னு நம்பர் இருக்கற நம்ம நீலகிரி வண்டிக்கு வேண்டாம். மேல வீடு, கீழ வேலை, வீட்டுல வயசானவங்க, இப்படின்னா 45தான், யோசிக்காதீங்க.

மச்சான் இன்னும் அந்த 30தான் வெச்சிருக்கார், மாத்தற எண்ணமே இல்ல. கோயமுத்தூர்ல கல்யாணம் காதுகுத்துன்னா மட்டும் மொத நாள் ராத்திரி போன் வரும், "மாப்ள, நாளைக்கு ஒன் வண்டி சும்மாத்தான நிக்கும்?" அவர் வண்டிய இங்க விட்டுட்டு என் வண்டிய எடுத்துட்டு போவார். திருப்பிக் கொண்டாந்து விடறப்ப 30 பர்சன்ட் இருக்கும், சார்ஜ் நான்தான் போட்டுக்கணும்.