எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட் டிவிடி செட்: மாமியாருக்காகவே வாங்கலாம்

காட்பாடி பக்கம் ஒரு பழைய டிவிடி கடையில் இந்த அமெரிக்க டிவி காமெடித் தொடரின் 9 சீசனும் மொத்தமாகக் கிடைத்தது. ஒரு டிஸ்க் நடுவில் திக்குகிறது, மாற்றித் தர மாட்டார்களாம், சரி போகட்டும். எதிர் வீட்டிலேயே குடியிருந்துகொண்டு, கதவைக்கூடத் தட்டாமல் நுழைந்து மருமகள் சமையலில் நொட்டை சொல்லும் ரேமண்டின் அம்மா மரீயாக டோரிஸ் ராபர்ட்ஸ், அப்பப்பா, சத்துவாச்சாரியில் எங்கள் தெருவிலேயே இப்படி நாலு பேர் உண்டு. இந்த வேடத்துக்கு அவருக்கு அமெரிக்க டிவி விருதான எம்மியை 4 முறை கொடுத்தது நியாயம்தான். என் ஓட்டு ரேமண்டின் அண்ணன் ராபர்ட்டுக்கு. ஆறரை அடிக்கு மேல் உயரமான போலீஸ்காரர், சாப்பாட்டை முகவாயில் தொட்டுவிட்டுத்தான் வாயில் போடுவார், அம்மா தம்பிக்குக் கொடுக்கும் செல்லத்தைப் பார்த்துப் பொருமும்போது பிராட் காரெட்டின் அந்தக் கட்டைக் குரலுக்கே சிரிப்பு வந்துவிடும். ரேமண்டின் பிள்ளைகளாக நடித்த மூவரும் நிஜத்திலும் உடன்பிறந்தவர்கள், ஆனால் கதையில் அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை.