பிரஷ்லெஸ் ஜெனரேட்டரும் ஆடுகிற தராசும்

உங்களிடம் இருக்கிற பிரஷ்லெஸ் ஜெனரேட்டர் விலை குறைந்திருக்கிறதாமே, எடுக்கலாமா என்று போடியிலிருந்து நண்பர் கேட்டார். போனில் சொல்லி முடியாததால் எழுதுகிறேன்.

குமுளியில் எனக்கு ஏலக்காய் வியாபாரம். தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதற்காக எடுத்ததுதான் இந்த 5 கேவிஏ டீசல் மிஷின். ஸ்டார்ட்டிங், இழுவை எதிலும் குறையில்லை. சுற்றும் பாகத்துக்கு உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் இதில் கிடையாது, அதை மாற்றுகிற வேலையும் இல்லை.

தலைவலி வேறு. இது ஓடினால் எலக்ட்ரானிக் தராசில் கடைசி இலக்கம் நிற்காது. ஏலக்காய் விற்கிற விலைக்கு, மூட்டை கொண்டுவந்தவர் அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்தபடி நிற்பார். “தராசு ஆடுதே முதலாளி” என்றால் என்ன பதில் சொல்வது?

பிரஷ் இல்லை, பொறி இல்லை, அதனால் கரண்டில் இரைச்சலும் இல்லை என்றுதான் விற்றவர் சொன்னார். பாதிதான் உண்மை. பிரஷுக்குப் பதிலாக ரோட்டரோடு, அதாவது சுற்றும் பாகத்தோடு, சேர்ந்து சுற்றும் டையோடுகள் இருக்கின்றன; கரண்டை ஒரே பக்கம் விடுகிறவை. அவை ஒவ்வொரு முறை அணையும்போதும் மின்னழுத்தம் ஒரு துள்ளு துள்ளும். வோல்டேஜைச் சீராக வைக்கிற ஏவிஆரில் உள்ள தைரிஸ்டர் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் கரண்ட் அலையை நடுவில் வெட்டித் திறப்பது இன்னொரு தொல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு தராசை அதன் பேட்டரியில் ஓட்டினால் எண் கல்லாக நின்றது. ஆக, தொல்லை வருவது ஒயர் வழியாக.

ஏவிஆர் எரிந்தபோது வந்த கம்பத்து மெக்கானிக் ஒயரில் வரும் இரைச்சலை வடிகட்டும் மெயின்ஸ் ஃபில்டர் ஒன்றைப் போட்டார். தராசுப் பக்கம் வைத்து, நீள எர்த் ஒயரில் இணைத்தபோது பெரிய மாற்றமில்லை. அதையே ஜெனரேட்டரை ஒட்டி வைத்து, சாணளவு செப்புப் பின்னலால் பாடியோடு இறுக்கியதும் எண் அடங்கிவிட்டது. இந்த இரைச்சல் உயர் அதிர்வெண், அதற்கு எர்த் ஒயரின் நீளமே தடை என்றார். பழைய எர்த்தைக் கழற்றவில்லை, ஷாக்குக்கு அது வேண்டும். ஃபில்டருக்குள் கெப்பாசிட்டரும் இருக்கிறதே என்று பெரிய கெப்பாசிட்டராகத் தேடிப் போடாதீர்கள். லோடு குறைவாக இருக்கும்போது வோல்டேஜ் எகிறிவிடும்.

மீடியம் வேவ் ரேடியோ இன்னும் கரகரக்கிறது. எஃப்எம்முக்கு ஒன்றுமில்லை.

சரி, எடுக்கலாமா? வேண்டாம். இவ்வளவு நல்ல மிஷினில் ஒரு சின்ன ஃபில்டரை வைத்துக் கொடுக்க மனசு வராதவர்களுக்கு நம் காசு எதற்கு? “எல்லா ஜெனரேட்டரும் இப்படித்தான் சார்” என்று கடைக்காரர் சொன்னதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. என்னுடையதை விற்பேனா என்று மட்டும் கேட்காதீர்கள். விற்க மாட்டேன்.