ஜம்ப் அடிக்கிற ஆர்சி டிரக்குக்கு எந்த ஷாக்? பிளாஸ்டிக், அலுமினியம், எமல்ஷன், பிளாடர்

டிராக்சாஸ் கம்பெனியின் ஸ்லாஷ் என்ற ரிமோட் டிரக் 2008-ல் வந்தது. 1/10 அளவில் ஷார்ட் கோர்ஸ் டிரக் (மண் டிராக்கில் ஜம்ப் அடித்து ஓடும் பந்தய டிரக்கின் குட்டி வடிவம்) என்றால் இன்றைக்கும் பலர் முதலில் தொடுவது அதைத்தான். அதன் அடிப்படை மாடலில் பிளாஸ்டிக் உடம்பு கொண்ட அல்ட்ரா ஷாக் இருக்கும். ஷாக் என்றால் ஷாக் அப்சார்பர்: ஆயில் நிரப்பிய குழாய், அதற்குள் ஓட்டை போட்ட பிஸ்டனோடு ஏறியிறங்கும் ஷாஃப்ட் என்ற கம்பி, வெளியே சுற்றி ஸ்பிரிங். நாலு நாள் ராம்ப்பில் பறக்கவிட்டால் ஒரு ஷாக்கின் மூடி தெறித்து ஆயில் கொட்டும். அன்று இரவே அலுமினியம் பிக் போர் ஷாக் செட்டுக்கு ஆர்டர் போய்விடும். பாதி நேரம் அது வீண் செலவு.

முதலில் ஒரு கணக்கு. 2.5 கிலோ டிரக் 2 மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழுந்தால், தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு சுமார் 6.3 மீட்டர். சக்கரம் மேலேறக் கிடைக்கும் தூரம் 6 செ.மீ. என்று வைத்தால், அந்த 6 செ.மீ.-க்குள் வண்டியை நிறுத்த அதன் எடையைப் போல சராசரியாக 34 மடங்கு விசை வேண்டும். அதாவது 85 கிலோ. சக்கரத்துக்கு 21 கிலோ வரும். ஷாக்கை ஆர்மில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கையில், சக்கரத்தைவிட உள்ளே தள்ளி மாட்டியிருப்பதால் அதன் தலையில் விழுவது இன்னும் அதிகம். டயர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், சேசிஸ் தரையில் தட்டிக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை ஸ்பிரிங் பிடித்து வைத்தால் அப்படியே திருப்பி எறியும். ஆயில்தான் தின்றாக வேண்டும். ஆயில் எவ்வளவு தின்னும் என்பதைத் தீர்மானிப்பது பிஸ்டன் ஓட்டை. ஷாக்கின் உடம்பு எதில் செய்தது என்பதற்கு அதில் பெரிய பங்கில்லை.

பிளாஸ்டிக்கா, அலுமினியமா

பிளாஸ்டிக் உடம்பு அடி வாங்கினால் வளைந்து பழையபடி நிமிரும். எடை குறைவு, விலையும் குறைவு. பலவீனம் மூடியின் மரையில்தான். உள்ளே அழுத்தம் ஏறினால் மரை வழுக்கி மூடி கழன்றுவிடும். அலுமினிய மூடி தனியாகவே கிடைக்கிறது. பிளாஸ்டிக் உடம்பை வைத்துக்கொண்டு மூடியை மட்டும் மாற்றுவது நிறையப் பேருக்குப் போதும்.

பிக் போர் போன்ற அலுமினிய ஷாக்கில் உள்விட்டம் பெரிது, ஆயில் கூடுதல். அதனால் பத்து ஜம்ப்புக்குப் பிறகும் சூடேறி இளகுவது குறைவு. பிளாஸ்டிக்கில் கிளிப் மாட்டி உயரம் வைக்க வேண்டும். இதில் மரை வளையத்தைத் திருகினால் போதும். ஆனால் கல்லில் நேராக மோதி உடம்பில் ஒரு பள்ளம் விழுந்தால் பிஸ்டன் அங்கே உரசத் தொடங்கும், அதன்பின் அந்த உடம்பு குப்பைக்குத்தான். மரை வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஆகாது. வண்டி உயரம் மட்டுமே மாறும். கெட்டி வேண்டுமென்றால் வேறு ஸ்பிரிங் வாங்க வேண்டும்.

எமல்ஷனா, பிளாடரா

ஷாஃப்ட் உள்ளே போகும்போது அதன் பருமனுக்கு இடம் வேண்டும். 3 மி.மீ. ஷாஃப்ட் 30 மி.மீ. உள்ளே போனால் சுமார் 0.2 மி.லி. இடம் பிடிக்கும். நாலைந்து சொட்டு ஆயில்தான். ஆனால் ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது. அந்த 0.2 மி.லி.-க்கு இடம் விடாமல் விளிம்புவரை நிரப்பி மூடியவர்களின் மூடிதான் முதல் ஜம்ப்பிலேயே பறக்கிறது. பழி பிளாஸ்டிக்குக்குப் போய்ச் சேர்கிறது!

பிளாடர் ஷாக்கில் அந்த இடத்தை மூடிக்கடியில் இருக்கும் ரப்பர் கிண்ணம் கொடுக்கிறது. காற்றும் ஆயிலும் கலப்பதில்லை, முதல் ஜம்ப்பும் இருபதாவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெதுவாக ஏழெட்டு முறை மேலும் கீழும் ஓட்டி, பத்து நிமிடம் நிற்க வைத்துக் குமிழ் போன பிறகு பிளாடரை வைக்கவும். ஷாஃப்ட்டைப் பாதிவரை உள்ளே தள்ளி வைத்து மூடியைத் திருகினால், கூடுதல் ஆயில் விளிம்பில் வழிந்துவிடும். மூடிய பிறகு ஷாஃப்ட்டை முழுக்கத் தள்ளி விட்டுப் பார்க்கவும். கால்வாசி தானாக வெளியே வந்தால் நல்லது. முழுசாகத் துள்ளி வந்தால் ஆயில் அதிகம், திறந்து மறுபடி செய்ய வேண்டும்.

எமல்ஷனில் ரப்பர் கிடையாது, காற்று ஆயிலோடு கலந்தே கிடக்கும். மூடியில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். அதைக் கழற்றி, ஷாஃப்ட்டை மெதுவாக முழுக்க உள்ளே தள்ளி, வழிகிற ஆயிலைத் துடைத்துவிட்டு ஸ்குரூவை மாட்ட வேண்டும். சளசளவென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும். இது திருப்பித் தள்ளாது, சின்ன மேடு பள்ளத்தில் மெத்தென்று ஓடும். ஆனால் நிற்க வைத்த வண்டியை எடுத்து உடனே பெரிய ஜம்ப் அடித்தால், காற்று மேலே பிரிந்து கிடப்பதால் முதல் அடி வெறுமையாக விழும். பெரிய ஜம்ப்புக்கு பிளாடர்தான் என் தேர்வு.

பிஸ்டன் ஓட்டை

சின்ன ஓட்டையும் மெல்லிய ஆயிலும் ஒரு ஜோடி, பெரிய ஓட்டையும் கெட்டி ஆயிலும் இன்னொரு ஜோடி. கையால் மெதுவாக அழுத்தினால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. வேகமாக அடிபடும்போதுதான் குணம் மாறும். சின்ன ஓட்டையில் ஆயில் சுழன்று திணறும், வேகம் ஏற ஏற எதிர்ப்பு செங்குத்தாக ஏறும். இதைத்தான் பேக் என்கிறார்கள். உயரத்திலிருந்து விழும்போது சேசிஸ் தரையில் அறையாமல் காப்பது இந்த பேக். அதே ஷாக் கரடுமுரடான தரையில் வேகமாக ஓடினால் சக்கரம் குழியைப் பின்தொடராமல் வண்டி தத்தும்.

ஜம்ப் மட்டுமே வேலையென்றால் சின்ன ஓட்டை. பாதி நேரம் கட்டாந்தரையில் ஓட்டுபவர் நடு அளவு ஓட்டையும் கொஞ்சம் கெட்டி ஆயிலும் போடலாம். பேக் மிஞ்சினால் ஷாக் தடி மாதிரி நிற்கும், அடி நேராக டவருக்கு (ஷாக்கின் மேல்முனையை மாட்டும் தகடு) போய் டவர் உடையும்.

ஆயில் விஷயத்தில் பாட்டிலில் போட்டிருக்கும் வெயிட் எண்ணை நம்ப வேண்டாம், கெட்டித்தன்மையை அளக்கும் சென்டிஸ்டோக்கைப் பாருங்கள். அசோசியேட்டட் கம்பெனியின் 30 வெயிட் 350 சென்டிஸ்டோக், 35 வெயிட் 425, 40 வெயிட் 500. வேறு கம்பெனியின் 30 வேறாக இருக்கும். இந்த அளவு 25 டிகிரியில் எடுத்தது. 40 டிகிரி வெயிலில் சிலிக்கான் ஆயில் கால்வாசி இளகும், 350 கிட்டத்தட்ட 265 ஆகிவிடும். அதாவது 30 வெயிட் ஊற்றியவர் மே மாத மதியத்தில் ஓட்டுவது 25 வெயிட். ஸ்லாஷில் நான்கிலும் 40 வெயிட் (500 சென்டிஸ்டோக்) வைத்துத் தொடங்கி, ஐந்து ஐந்தாக ஏற்றிப் பாருங்கள். சிலிக்கான் ஆயில் மட்டும்தான். வேறு எண்ணெய் ஊற்றினால் ஓ-ரிங் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஊதிப்போய் ஷாஃப்ட் இறுகும்.

எது தவறு என்று கண்டுபிடிக்க

ஃபோனில் ஸ்லோ மோஷனில் லேண்டிங்கை எடுங்கள். சேசிஸ் அறைந்து வண்டி அங்கேயே உட்கார்ந்தால் ஆயில் அல்லது பேக் போதவில்லை. அறைந்த பிறகு துள்ளி எழுந்தால் ஸ்பிரிங் கெட்டி, திரும்பி வரும் வேகத்தை ஆயில் பிடிக்கவில்லை. சேசிஸ் தரையைத் தொடவே இல்லை, ஆனாலும் பந்து மாதிரி எகிறுகிறது என்றால் பேக் அதிகம். ராம்ப்பை விடும்போது மூக்கு குத்தினால் பின் ஷாக் உதைக்கிறது, பின்னால் மட்டும் ஆயிலை ஒரு படி ஏற்றவும்.

ஷாக் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. நான்கு ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, வண்டியை மேசையில் வைத்து சேசிஸ் தட்டும்வரை அழுத்துங்கள். அப்போது ஒவ்வொரு ஷாக்கிலும் ஷாஃப்ட் இன்னும் 1 முதல் 2 மி.மீ. வெளியே தெரிய வேண்டும். ஷாக் முதலில் முட்டி, சேசிஸ் அந்தரத்தில் நின்றால், அந்த 85 கிலோவும் ஷாஃப்ட், மூடி, டவர் வழியாகத்தான் போகும். எந்த உலோகத்தில் வாங்கினாலும் உடையும். கீழ்ப்பக்க மாட்டும் ஓட்டையை மாற்றியோ நீளமான ராட் எண்டை (ஷாஃப்ட்டின் நுனியில் இருக்கும் மாட்டும் துண்டு) கழற்றிவிட்டுக் குட்டையானதைப் போட்டோ இதைச் சரி செய்த பிறகு, பழைய பிளாஸ்டிக் ஷாக்கிலேயே இன்னொரு நாள் ஓட்டிப் பாருங்கள்.